அக்கரைக்கு ஒரு விருந்தாளி

எங்க இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிட்டுடுவீங்கன்னு நான் நம்புற என் சம்பந்திக்கு,

தென்கரையிலேர்ந்து கலியபெருமாள் எழுதுறேன். இங்க எல்லாரும் சௌக்கியம். அப்படி எழுதியே பழகின கை, அதான் எழுதிடுச்சு. உண்மையில என் வயல்ல இப்ப பயிர் இல்ல, முழங்கால் அளவுக்கு மணல் கிடக்கு. அது எப்படி வந்துச்சுன்னு உங்ககிட்ட சொல்லாம எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது.

போன பங்குனியில நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க. உளுந்து அறுத்துக்கிட்டிருந்தோம், போன் வந்துச்சு, ஓடி வந்தேன். உங்க மகனும் என் மகளும் சிங்கப்பூர்லேர்ந்து வந்து சேர்ற வரைக்கும் நான்தான் உங்க தலைமாட்டுல உட்கார்ந்திருந்தேன். அன்னிக்கு ஒண்ணும் தோணல. அப்புறம்தான் ஒவ்வொண்ணா தோணுது. வாய்க்கால்ல தண்ணி வந்தா போன் பண்ணத் தோணுது, வராட்டி திட்டறதுக்குப் போன் பண்ணத் தோணுது. உங்க நம்பரை இன்னும் அழிக்கல. என் சம்சாரம் சரோஜா அழிச்சுடுங்கன்னு சொன்னா. நீ வேலையைப் பாருன்னுட்டேன்.

இதை எழுதி மடிச்சு என் பெட்டியிலேயே வச்சிருக்கலாம். ஆனா ரெண்டு கரைப் பிள்ளைங்களும் படிக்கணும்னு இருக்கு எனக்கு. அதனால உங்களுக்குத் தெரிஞ்சதையே நடுநடுவுல விளக்கிச் சொல்லுவேன். "எனக்கே கதை சொல்றீங்களா"ன்னு முகத்தைத் தூக்கி வச்சுக்காதீங்க.

நன்னிலத்துக்குக் கிழக்க நம்ம ஆறு வளையுற இடத்துல தெக்க எங்க ஊரு, வடக்க உங்க ஊரு. ஆறு முட்ட வந்தா ரெண்டு கரையும் சேர்ந்து தாங்காது. ஒரு பக்கம் உடைப்பு எடுத்தா அடுத்த பக்கம் தப்பிச்சுக்கும். இது ரெண்டு ஊருலயும் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதனாலயே நம்ம ஜனங்களுக்கு வெள்ளத்தைவிட அடுத்த கரைக்காரன் கையில இருக்கற மண்வெட்டி மேலதான் பயம். அவன் இருட்டோட இருட்டா வந்து நம்ம கரையை வெட்டி விட்டுட்டா என்ன பண்றது? அதுக்கு முன்னாடி நாம போய் அவன் கரையை வெட்டிட்டா என்ன? இப்படி நினைச்சு நினைச்சே ஒரு காலத்துல மண்டைய உடைச்சுக்கிட்டவங்க நாம.

அதுக்குத்தான் பெரியவங்க ஒரு வழி வச்சாங்க. ஆறு பெருகினா எங்க ஊர்லேர்ந்து ஒரு ஆள் உங்க ஊருக்குப் போய் இருக்கணும், உங்க ஊர்லேர்ந்து ஒருத்தர் எங்க ஊருக்கு வரணும். தண்ணி வடியிற வரைக்கும் அங்கதான் சாப்பாடு, அங்கதான் தூக்கம். கரை விருந்தாளின்னு பேரு. எங்க ஆளு உங்க ஊருக்குள்ள இருக்கும்போது உங்க கரையில நாங்க எப்படிக் கைவைப்போம்? பேரு விருந்தாளி, உண்மையில பிணையாளு. யாருக்கும் அதைச் சொல்லிக்காட்டத் தேவைப்படல.

ஆனா நம்ம ஆளுங்க இதுலயும் கள்ளம் பண்ணினாங்க. நிலக்காரங்க யாரும் போகல. பண்ணையில வேலை பார்த்த ஆளுங்களை அனுப்பிட்டு வீட்டுல உட்கார்ந்துக்கிட்டாங்க. அவங்க முழுகினா ஊருக்கு என்ன நட்டம்னு நினைப்பு. அப்ப நீங்க சின்ன வயசு, மீசைகூடச் சரியா வரல. உங்க ஊர்க் கூட்டத்துல எழுந்து, "முழுகினா அழ ஆள் இல்லாதவங்கன்னு நினைச்சுத்தான் அவங்களை அனுப்புறீங்களா? அவங்க வீட்டுல யாரும் அழ மாட்டாங்களா?"ன்னு கேட்டுட்டு, தோள்ல ஒரு துண்டோட நீங்களே கிளம்பி வந்துட்டீங்களாம். எங்க வீட்டுல வந்து உட்கார்ந்தீங்க. முதல் வேளையிலேயே எங்கம்மா வச்ச குழம்புல உப்பு இல்லன்னு சொன்னீங்க. பிணையா வந்த ஆளுக்கு வாயைப் பாருன்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

தண்ணி வடிஞ்சும் நீங்க கிளம்பல. இன்னொரு நாள் இருந்துட்டுப் போறேன்னீங்க. அங்கதான் ஆரம்பிச்சுது நம்ம சிநேகிதம். அடுத்த தடவை ஆறு பெருகினப்போ நான் உங்க வீட்டுக்கு வந்தேன், உங்க வீட்டுக் குழம்புல உப்பு ஜாஸ்தின்னு பதிலுக்குச் சொன்னேன். அதுக்கப்புறம் வெள்ளம் வராதான்னு காத்துக்கிட்டிருந்த முட்டாளுங்க நாம ரெண்டு பேரும்தான் இந்தத் தாலுகாவுல.

பிறகு என் மகள் செல்வியை உங்க மகனுக்குக் கேட்டீங்க. கல்யாணத்துல காபி ஆறிப்போச்சுன்னு கோவிச்சுக்கிட்டு ரோடு வரைக்கும் போனீங்களே, நான் வந்து கூப்பிடணும்னு நின்னுக்கிட்டே இருந்தீங்களே, மறந்துடுச்சா? நான் கூப்பிடல. நீங்களே வந்தீங்க. அந்த வீடியோவை இன்னும் போட்டுப் பார்த்துச் சிரிக்கிறோம். இப்பல்லாம் சிரிச்சு முடிச்சதும் சரோஜா உள்ள எழுந்து போயிடுறா.

அந்தக் கல்யாணத்துக்கு அப்புறம் கரை விருந்தாளி நின்னு போச்சு. எங்க ஊருப் பொண்ணு உங்க வீட்டுல இருக்கா, இனிமே ஆள் மாத்துறது எதுக்குன்னு ரெண்டு ஊரும் அக்கடான்னு இருந்துடுச்சு. நினைச்சுப் பாருங்க சம்பந்தி. இத்தனை வீடு, இத்தனை வயல், எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு பொண்ணோட வாழ்க்கைய முட்டுக்கொடுத்து வச்சிருந்தோம். அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குச் சிங்கப்பூர் போனப்போ ஏர்போர்ட்டுக்கு வேன் வச்சு அனுப்பினோமே, அப்பவாவது யாருக்காவது உறைச்சுதா? இல்ல. நீங்க இருந்தீங்க, நான் இருந்தேன், அது போதும்னு இருந்துட்டாங்க. அப்புறம் நீங்களும் போயிட்டீங்க.

இந்தக் கார்த்திகையில மழை பிடிச்சுக்கிச்சு. நட்ட பயிர் பச்சை பிடிச்சு நிக்கிற நேரம். ஒண்ணு சொல்லணும், அரசாங்கத்தைக் குறை சொல்ல முடியாது. மேல அணையில எவ்வளவு தண்ணி திறக்கறாங்கன்னு போனுக்குச் செய்தி வருது. பள்ளிக்கூட மாடியில தங்க இடம், குடிதண்ணி, அரிசி எல்லாம் முன்கூட்டியே வந்துடுச்சு. மாட்டையெல்லாம் மேட்டுக்கு ஓட்டச் சொல்லி ஆட்டோவுல மைக் கட்டிக்கிட்டு வந்தாங்க. முந்தியெல்லாம் நாம தண்ணியப் பார்த்துதான் தண்ணி வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டோம். வெள்ளத்துக்கு இவ்வளவு ஏற்பாடு பண்றாங்க. பயத்துக்கு யார் ஏற்பாடு பண்றது?

ஏன்னா அதே போன்லதான் இன்னொரு செய்தியும் வந்துச்சு. வடகரைக்காரன் ஜேசிபி கொண்டாந்து நிறுத்தியிருக்கான், நம்ம கரையை உடைக்கப் போறான்னு. பின்னால தெரிஞ்சுது, நாங்க ஜேசிபி கொண்டாந்ததா உங்க ஊருலயும் அதே செய்தி ஓடியிருக்கு. உண்மையில நன்னிலத்துலேர்ந்து ஒரே ஒரு ஜேசிபி வந்துச்சு, அதுவும் சேத்துல மாட்டி நடுரோட்டுல நின்னுச்சு.

எங்க ஊர் மாரியம்மன் கோயில்ல கூட்டம் போட்டாங்க. என் தம்பி மகன் குமார், உங்களுக்குத் தெரியுமே, இன்ஜினியரிங் படிச்சுட்டு வந்து விவசாயம் பார்க்குறானே, அவன்தான் பேசினான். கெட்டவன் இல்ல. ஊருக்காக உசுரைக் கொடுக்கற பையன். அதான் பயமே. அவங்க முந்திக்கிட்டா நம்ம ஊரு காலி, அதனால நாம முந்திக்கணும், பாலத்துக்கு மேக்க அவங்க கரை பலவீனமா இருக்கு, ஒரு மணி நேர வேலைதான்னான். பாலத்துக்கு மேக்கன்னா உங்க வீடு சம்பந்தி. கரைக்குக் கீழ முதல் வீடு. உள்ள உங்க சம்சாரம் ஒண்டியா இருக்காங்க.

எனக்கு வந்த கோவத்துக்கு ஒரு அறை விட்டிருக்கணும். ஆனா அவனை அறைஞ்சா இன்னும் நாலு பேரு கிளம்புவானுங்க. நீங்க இருந்தா ஏதாவது கோணலா ஒரு கேள்வி கேட்டு எல்லார் வாயையும் அடைச்சிருப்பீங்க. எனக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது? எழுந்து வீட்டுக்கு வந்து பையை எடுத்தேன். நான் வடகரைக்குப் போறேன், விருந்தாளியா, வெட்டுறதுன்னா நான் அங்க இருக்கேன்னு ஞாபகம் வச்சுக்கிட்டு வெட்டுங்கன்னு குமார்கிட்ட சொன்னேன். சரோஜா தடுப்பான்னு பார்த்தேன். பிரஷர் மாத்திரைய எடுத்துப் பையில போட்டா. சம்பந்தியம்மாகிட்ட ஊறுகாய் கொடுங்கன்னு ஒரு பாட்டிலையும் வச்சா.

பாலத்தைத் தாண்டும்போது பொழுது சாயற நேரமாச்சு. அடியில ஆறு பழுப்பா ஓடுது, வாழை மரம், வைக்கோல், யார் வீட்டுக் கூரையோ எல்லாம் போகுது. உங்க ஊர்ப் பசங்க என்னைப் பார்த்துட்டு வழியை விட்டு ஒதுங்கினாங்க. வேவு பார்க்க வந்திருக்கேன்னு நினைச்சிருப்பாங்க. உங்க வீட்டு வாசல்ல போய் நின்னேன். சம்பந்தியம்மா என்னைப் பார்த்தாங்க, பையைப் பார்த்தாங்க. உள்ள போய் தட்டை எடுத்து வச்சாங்க.

சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போது, "அண்ணே, நீங்க வந்துட்டீங்க. இங்கேர்ந்து யார் போறது?"ன்னு கேட்டாங்க. உங்க ஊர் நாட்டாமைக்காரங்களை ஆள் விட்டுக் கேட்டா, அவனுக்குக் கால் வலி, இவனுக்கு மாடு கன்னு போடப் போகுதுன்னு ஆளாளுக்கு ஒரு சாக்கு சொன்னாங்களாம். சம்பந்தியம்மா என் தட்டுல இன்னொரு கரண்டி சோறு போட்டுட்டு, புடவையை ஒரு பையில வச்சுக்கிட்டு, குடையை எடுத்தாங்க. பொம்பளை விருந்தாளியா போனதில்லையேன்னு வாசல்ல யாரோ இழுத்தாங்க. "பொம்பளை முழுகுனா செத்துப் போக மாட்டாளா?"ன்னு கேட்டுட்டு பாலத்து மேல ஏறிட்டாங்க. உங்க கூட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினவங்க இல்லையா, வேற எப்படிக் கேட்பாங்க.

இப்ப பாருங்க கூத்தை. உங்க வீட்டுல நான் தனியா, என் வீட்டுல உங்க சம்சாரம். உங்க வீட்டுப் பின்கதவைத் திறக்கத் தெரியல எனக்கு. அடியில ஒரு உதை விட்டாத்தான் திறக்கும்னு பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார். எத்தனை தடவை வந்திருக்கேன், ஒரு தடவைகூட நான் அந்தக் கதவைத் திறந்ததில்ல போலிருக்கு. எப்பவும் நீங்கதானே திறந்துவிட்டுக்கிட்டு முன்னால போவீங்க. அந்தக் கதவு முன்னால நின்னு நல்லா அழுதேன். வெக்கம் என்ன, யாரும் இல்ல.

விடிஞ்சதும் கரைக்குப் போனேன். உங்க ஆளுங்க மணல் மூட்டை அடுக்கிக்கிட்டிருந்தாங்க. சும்மா நின்னு வேடிக்கை பார்க்க மனசு வரல, நானும் மூட்டையைப் பிடிச்சேன். கொஞ்ச நேரம் தள்ளி நின்னவங்க அப்புறம் டீ கொடுத்தாங்க. தலையை எண்ணிப் பார்த்தா உங்க ஊர் ஆம்பளைங்க மொத்தப் பேரும் அங்கதான் சேத்துல நின்னாங்க. மண்வெட்டி எடுத்துக்கிட்டு ஆத்தைத் தாண்ட ஒருத்தனுக்கும் தெம்பும் இல்ல, நேரமும் இல்ல.

மழை கொஞ்சம் விட்டு, எதிர்க்கரை பளிச்சுன்னு தெரிஞ்சுது. வளைவுல எங்க கரை மேல ஒரு புங்கமரம் நிக்குமே, அது தலையாட்டுச்சு. காத்து இல்லாம ஏன் ஆடுதுன்னு பார்க்கறேன், அப்படியே சாஞ்சுது. அது கூடவே கரையும் சரிஞ்சு உள்ள போச்சு. சத்தம்கூட அப்புறம்தான் வந்துச்சு. தண்ணி வழிஞ்சு இறங்கின இடம் என் வயல். என் பயிர் சம்பந்தி, இந்தப் பக்கத்துலேர்ந்து பார்த்தா ஒரு பச்சைத் துண்டு விரிச்ச மாதிரி இருந்துச்சு. பார்த்துக்கிட்டே இருக்கேன், பச்சை போயி எல்லாம் பழுப்பாயிடுச்சு.

எங்க கரை உடைஞ்சதுன்னா உங்க கரை பிழைச்சதுன்னு அர்த்தம். ஆனா உங்க ஊர்க்காரங்க மூட்டையைக் கீழ வச்சுட்டு என்னையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. கண்ணு முன்னால ஆறு இறங்குது, இறங்கறதைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட முடியாம அவங்க நின்னதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.

போன் அடிச்சுது. குமார். மூச்சு வாங்குது அவனுக்கு. பின்னால கூச்சல், கம்பு எடு, பாலத்துக்குப் போங்கடான்னு கேட்குது. "பெரியப்பா, எத்தனை பேரு வந்து வெட்டுனானுங்க? பேரைச் சொல்லுங்க"ன்னான்.

சம்பந்தி, உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? அந்த நேரம் எனக்கு ஒரு பேரு வேணும்னு இருந்துச்சு. என் பயிர் போயிடுச்சு. யாராவது வெட்டியிருந்தா அவனைத் திட்டலாம், அடிக்கலாம், கோர்ட்டுக்கு இழுக்கலாம். சும்மா அதுவா உடைஞ்சுதுன்னா நான் யார் மேல கோவப்படுறது? ஒரு பேரு, ஏதோ ஒரு பேரு, வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லியிருந்தா அன்னிக்குப் பாலத்து மேல எத்தனை பொணம் விழுந்திருக்கும்.

"யாரும் வெட்டலடா. எல்லாரும் என் கண்ணு முன்னாலதான் நிக்கறாங்க. புங்கமரத்தடியில அதுவாதான் போச்சு"ன்னேன். அவன் நம்பல. உங்களைப் பிடிச்சு வச்சு மிரட்டிச் சொல்லச் சொல்றாங்களான்னு கேட்டான். அதுக்குள்ள அவன் பக்கத்துல நின்ன யாரோ போனைப் பிடுங்கினாங்க. சரோஜா பேசுறா, என்கிட்ட இல்ல, குமார்கிட்ட, போனை வாய்கிட்ட வச்சுக்கிட்டே. "டேய், சம்பந்தியம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டு இங்க பள்ளிக்கூட மாடியில நிக்கறாங்கடா. இவங்களை இங்க அனுப்பிட்டு அவங்க ஊரே வந்து வெட்டுமாடா?"

அந்தப் பக்கம் கூச்சல் நின்னுச்சு. உடனே நின்னுடல, கொஞ்சம் கொஞ்சமா. அப்புறம் தண்ணிச் சத்தம்தான் கேட்டுச்சு. தண்ணி தெருவுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி உங்க சம்சாரத்தை நாற்காலியோட தூக்கிக்கிட்டுப் போய்ப் பள்ளிக்கூட மாடியில சேர்த்தது யாருன்னு நினைக்கறீங்க? அதே குமார்தான். கரை உடைஞ்ச கோவத்துல கம்பைத் தேடினவன், முதல்ல எங்க ஊரு விருந்தாளியைத்தான் தூக்கியிருக்கான். அதை அவனும் யோசிச்சுச் செய்யல.

மத்தியானம் உங்க ஊர்க்காரங்க பாலத்தைத் தாண்டினாங்க. கையில சவுக்குக் கட்டையும் காலி சாக்கும். உடைப்பு அடைக்கிற வேலையில எங்க ஆளு யாரு, உங்க ஆளு யாருன்னு சேத்துல அடையாளம் தெரியல. என் வயல் தப்பிக்கல, அது போனது போனதுதான். எங்க ஊர்க் கீழத்தெரு வீடெல்லாம் தப்பிச்சுது. ஒரு உசுரு சேதமில்ல, ரெண்டு ஊருலயும்.

இப்ப ரெண்டு ஊரும் உட்கார்ந்து பேசியிருக்கோம். வருஷா வருஷம் ஐப்பசி பொறந்ததும், ஆறு பெருகினாலும் பெருகாட்டியும், ஆள் மாத்துறதுன்னு. இனிமே யார் வீட்டுப் பொண்ணையும் நம்பிக்கிட்டு இருக்கறதில்ல. எல்லாத் தெருவுலேர்ந்தும் முறை வச்சுப் போகணும்னு சேர்த்துச் சொன்னது உங்க சம்சாரம். அடுத்த முறை எங்க ஊர்லேர்ந்து குமார் வர்றேன்னிருக்கான். வந்தா அவனுக்கு உப்பில்லாம சமைச்சுப் போடச் சொல்லணும். செல்விக்கு வீடியோ கால்ல எல்லாத்தையும் சொன்னேன். முழுசாக் கேட்டா. அப்புறம், "அப்பா, நான் அங்க இருந்த வரைக்கும் இதுக்காகத்தான் இருந்தேனா?"ன்னு கேட்டா. அவளுக்குப் பதில் சொல்ல நாம ரெண்டு பேரும் சேர்ந்து இருந்திருக்கணும் சம்பந்தி.

ஒண்ணே ஒண்ணு பாக்கி. இதை யார்கிட்டயும் சொல்லல, சரோஜாகிட்டகூட. புங்கமரம் சாஞ்சு கரை உள்ள போச்சு பாருங்க, அந்த நொடி நான் ஆத்தைப் பார்க்கல. சட்டுன்னு இடது பக்கம் திரும்பி, "பார்த்தீங்களா சம்பந்தி"ன்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். பக்கத்துல மூட்டை பிடிச்சுக்கிட்டிருந்த பையன் ஒண்ணும் புரியாம முழிச்சான். என் வயல் முழுகினது அதுக்கப்புறம்தான் எனக்கு உறைச்சுது. நீங்க அங்க இல்லங்கறதுதான் முதல்ல உறைச்சுது.

குமார் வரட்டும், யார் வேணும்னாலும் வரட்டும். நடக்க முடியிற வரைக்கும் ஒவ்வொரு ஐப்பசியும் நானும் கூட வருவேன். உங்க ஊர்க் கரை மேல நின்னு, இடது பக்கம் ஒரு ஆள் நிக்க இடம் விட்டுட்டுத்தான் மூட்டை பிடிப்பேன்.

உங்க மகனுக்குப் பொண்ணு கொடுத்தவன், உங்க வீட்டுச் சோத்துக்குக் கடன்பட்டவன்,
உங்க சம்பந்தி
கலியபெருமாள், தென்கரை